மலைத்தோட்டத்தில் கூந்தற்பனை: கன்றைக் காப்பாற்றுவதும் விதையிலிருந்து வளர்ப்பதும்

தோட்டத்தில் கூந்தற்பனை நிற்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, அடியில் கன்று இருக்கிறதா என்பதுதான். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர், பாச்சலூர் பக்கம் காபி வைத்திருப்பவர்களில் பலர் உயரமாக நிற்கும் மரத்தைக் கைகாட்டுவார்கள். மீன் வால் மாதிரியான இலை, சரம் சரமாகத் தொங்கும் பூக்குலை, பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் இந்த மரம் பூக்கத் தொடங்கிவிட்டால் அதன் ஆயுள் முடிந்துகொண்டு வருகிறது என்று அர்த்தம். முதல் பாளை உச்சியில் வெடிக்கும். அப்புறம் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிக்கொண்டே வரும். சில வருடங்கள் இப்படிப் பூத்துக் காய்த்து, ஆகக் கீழே இருக்கும் குலை பழுத்ததும் மரம் பட்டுவிடும். அடியிலிருந்து பக்கக்கன்றும் விடாது. அதனால் கன்று இல்லாத தோட்டத்தில் பத்து மரம் பூத்து நின்றாலும், கொஞ்ச வருடத்தில் அங்கே கூந்தற்பனையே இருக்காது.

இது அந்தக் கன்றைப் பற்றிய வழிகாட்டி. தானாக முளைத்ததை எப்படி அடையாளம் கண்டு காப்பாற்றுவது, இல்லாத இடத்தில் விதை எடுத்து எப்படி வளர்ப்பது, எந்தப் பனையை இந்த மலைக்குக் கொண்டுவரக் கூடாது என்பதையெல்லாம் எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

நான் தாவரவியல் படித்தவள் இல்லை. குடிநீர், கிராம வாழ்வாதாரம் என்று வெளிநாட்டு வளர்ச்சித் திட்டங்களில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு, இப்போது தாண்டிக்குடிக்குக் கீழே அப்பா விட்டுப்போன காபித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எந்த நாட்டுக்குப் போனாலும் வேலை இல்லாத நாளில் பனைகளைத் தேடிப் போவது என் வழக்கம். கொலம்பியாவில் கோக்கோரா பள்ளத்தாக்கு என்று ஒன்று உண்டு. அங்கே நிற்பவை மெழுகுப்பனைகள். உலகத்திலேயே உயரமான பனை அதுதான், 60 மீட்டர் வரை போகும். 1985-இல் சட்டம் போட்டு அதைத் தேசிய மரமாக அறிவித்தார்கள். பச்சைப் புல் சரிவில் அவை வரிசையாக நிற்பதைப் படம் எடுக்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். அந்தச் சரிவில் கன்றைத் தேடிப் பார்த்தால் கிடைக்காது. காட்டை அழித்து மேய்ச்சல் நிலம் ஆக்கியபோது பெரிய மரங்களை மட்டும் விட்டுவைத்தார்கள். விதை விழுந்து முளைத்தால் மாடு தின்றுவிடும், மாட்டுக்குத் தப்பினால் நிழல் இல்லாமல் கருகிவிடும். நிற்பதெல்லாம் வயதான மரங்கள். அந்தச் சரிவில் நின்றபோது எனக்கு எங்கள் ஊர்க் காபித் தோட்டங்கள்தான் நினைவுக்கு வந்தன. அங்கே மாடு செய்வதை இங்கே களை வெட்டும் மிஷின் செய்கிறது.

இதைச் சரிசெய்ய முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. நம் ஊர் நர்சரிகளில் பாட்டில் பாம் என்று விற்கும் அடி பெருத்த பனையின் சொந்த ஊர் மொரீஷியஸ் அருகே உள்ள ரவுண்ட் தீவு. ஆடும் முயலும் மேய்ந்து மேய்ந்து, கடைசியில் விரல்விட்டு எண்ணக்கூடிய மரங்களே அங்கே மிஞ்சின. 1979-இல் ஆடுகளை அகற்றினார்கள், 1986-இல் முயல்களையும் அகற்றினார்கள். அப்புறம் கன்றுகள் தாமாகவே எழுந்து வந்தன. மேய்ச்சல் நின்றதுதான் அங்கே பெரிய மாற்றம்.

இருக்கும் கன்றைத் தேடுவது

விதை, கவர், நிழல்வலை எதுவும் வாங்குவதற்கு முன்னால் தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். மார்கழி, தை மாதங்கள் இதற்கு நல்லவை. வடகிழக்குப் பருவமழை முடிந்து மண் ஈரமாக இருக்கும், காபிப் பழம் பறிக்க எல்லா வரிசைக்குள்ளும் எப்படியும் போவோம்.

தாய்மரத்தின் அடியில் மட்டும் தேடினால் போதாது. மரநாய் இந்தப் பழத்தை விரும்பித் தின்னும். ராத்திரியில் தின்றுவிட்டு வேறு எங்காவது பாறை மேலோ விழுந்து கிடக்கும் கட்டை மேலோ எச்சமிடும். அதனால் தாய்மரத்துக்கு வெகுதூரத்தில், பாறை இடுக்கிலும் பலா மரத்தடியிலும் கன்று நிற்கும். என் கணிப்பில் அப்படித் தள்ளி முளைத்தவைதான் மதிப்பு மிக்கவை. தாயின் நிழலில் நெருக்கமாக முளைத்தவற்றில் பெரும்பாலானவை தமக்குள் போட்டியிட்டே சாகும்.

அடையாளம் இதுதான். முதல் இலையே இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு பாதியும் அகன்று, வெளி ஓரம் ஒழுங்கில்லாமல் பல் பல்லாக இருக்கும். பாக்குக் கன்றின் முதல் இலையும் இரண்டாகப் பிரியும், ஆனால் அது நீண்டு ஒடுங்கியது. கூந்தற்பனையின் இலையை ஒருமுறை கையில் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அப்புறம் குழப்பம் வராது.

கண்டதும் பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சி நடுங்கள். இடுப்பு உயரம் இருக்கட்டும், நுனியில் வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். காபிச் செடிக்கு நடுவில் ஒரு ஜாண் உயரக் கன்று மிஷின் ஓட்டுபவர் கண்ணில் படாது, குச்சி படும். எங்கள் தோட்டத்துக்குக் களை எடுக்க வரும் அக்கா ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசியபோது, "எது வேணும்னு சொன்னாத்தானம்மா தெரியும்? குச்சி இருந்தா நாங்க எதுக்கு வெட்டப்போறோம்?" என்றார். இப்போது எனக்கு முன்னால் அவரே கன்றைக் கண்டுபிடித்துவிடுகிறார். குச்சியைச் சுற்றி ஒரு முழத்துக்குக் கையால்தான் களை எடுக்க வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கு நேரம் கூடுதலாகும். அதற்கான கூலியையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஒரே இடத்தில் நெருக்கமாக இருந்தால் சிலவற்றைப் பிடுங்கி வேறு இடத்தில் வைக்கலாம். ஒன்று அல்லது இரண்டு இலை இருக்கும்போதே செய்துவிட வேண்டும். நல்ல மழை நாளில், கடப்பாரையால் சுற்றிலும் ஓர் அடி ஆழத்துக்குத் தோண்டி, மண்கட்டியோடு தூக்குங்கள். இலையைப் பிடித்து இழுத்தால் கன்று அறுந்துவிடும். விதை கிடக்கும் மட்டத்துக்கு வெகு கீழேதான் அதன் உயிர் இருக்கிறது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

விதை

காப்புக்காட்டுக்குள்ளும் சரணாலயத்துக்குள்ளும் போய் விதை பொறுக்காதீர்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் எடுப்பது குற்றம். பழனி மலைக் காடுகளின் பெரும் பகுதி 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக இருக்கிறது. அங்கே விழும் பழம் அங்கே இருக்கும் உயிர்களுக்கு. நமக்குப் பட்டா நிலத்தில் நிற்கும் மரங்களே போதும். உங்கள் தோட்டத்தில் ஒரு மரம்தான் இருக்கிறதா? பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேளுங்கள். அடுத்த ஊரில் இருக்கும் மாமாவிடமும் கேளுங்கள். ஒரே தாயின் பிள்ளைகளை மட்டும் நூறு கன்று வளர்ப்பதைவிட, ஐந்தாறு தாய்மரத்திலிருந்து தலைக்குப் பத்து வளர்ப்பது எவ்வளவோ மேல். நோயோ வறட்சியோ வந்தால் எல்லாம் ஒன்றுபோல் சாகாது. எந்த மரத்திலும் குலையை முழுசாக வெட்டி இறக்க வேண்டாம். உதிர்ந்ததில் மூன்றில் ஒரு பங்கு எடுத்தால் போதும்.

பழம் சிவந்து, தொட்டால் உதிரும் பக்குவத்தில் இருக்க வேண்டும். ஒரு பழத்துக்குள் ஒன்று அல்லது இரண்டு கொட்டை இருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை. இதன் சதையில் கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியான படிகங்கள் உண்டு, சேனைக்கிழங்கில் அரிப்பு தருவதும் அதே வகைப் படிகம்தான். வெறும் கையால் பிசைந்தால் அரிப்பு தாங்காது. கண்ணில் பட்டால் இன்னும் மோசம். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு வாளியில் மணலும் தண்ணீரும் சேர்த்துத் தேய்த்து, சதை போகும்வரை அலசுங்கள். குழந்தைகளை இந்த வேலையில் விடாதீர்கள்.

மரநாயே இந்த வேலையைச் செய்து கொடுத்திருக்கும் இடமும் உண்டு. தோட்டத்துப் பாறை மேல் எச்சத்தில் சதை நீங்கிய கொட்டைகள் குவிந்து கிடக்கும். காபிக் கொட்டையும் கலந்திருக்கும். கையுறையோடு பொறுக்கி அலசினால் போதும்.

கழுவிய விதையை வெயிலில் காயப்போடாதீர்கள். நெல், கத்தரி, மிளகாய் விதையை நாம் காயவைத்துச் சேமிப்போம். ஈரக்காட்டுப் பனை விதைகள் பல, காய்ந்தால் உள்ளே இருக்கும் கருவோடு செத்துவிடும். ஒரு நாள் நிழலில் ஈரம் வடியவிட்டு, இரண்டு நாள் தண்ணீரில் ஊறவையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். மிதப்பதை ஒதுக்கிவிட்டு, மூழ்கியதை உடனே போடுங்கள். வருடக்கணக்கில் டப்பாவில் கிடந்த விதையை யாராவது கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

முளைக்க வைப்பது

பனங்கொட்டையைப் புதைத்துக் கிழங்கு எடுக்கிற நமக்கு இதை விளக்குவது சுலபம். பனங்கொட்டையில் என்ன நடக்கிறது? கொட்டையிலிருந்து ஒரு குழல் மண்ணுக்குள் இறங்கி, அதன் அடி நுனியிலிருந்துதான் வேரும் குருத்தும் கிளம்புகின்றன. கூந்தற்பனையும் ஈச்சையும் இதே வழியில்தான் முளைக்கின்றன, அளவுதான் சின்னது. கன்றை இழுத்தால் அறுந்துபோவது இதனால்தான். ஆழமில்லாத தட்டில் போட்டால் அந்தக் குழல் அடியில் முட்டி வளைந்து வீணாவதும் இதனால்தான்.

அடுத்தது சூடு. பெரும்பாலான வெப்பமண்டலப் பனை விதைகள் 25 முதல் 35 டிகிரிக்குள் நன்றாக முளைக்கும். மலையில் மார்கழிக் குளிரில் மண்ணில் போட்டால் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். அதற்குள் எலி தோண்டித் தின்றுவிடும். இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, கீழ்நாட்டுக்கு அனுப்புவது. எனக்கு வத்தலக்குண்டில் சித்தி வீடு. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் விதைத்த கவர்களை வைத்துவிடுவேன். சித்தி துளசிக்கு ஊற்றும்போது அதற்கும் ஊற்றுவார். இரண்டு இலை வந்ததும் மேலே ஏற்றிவருவேன். மலையடிவாரத்தில் சித்தரேவு, அய்யம்பாளையம் பக்கம் சொந்தக்காரர் இருப்பவர்கள் எல்லோருக்கும் இந்த வழியைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, ஜிப் கவர். தென்னை நார்த்தூளை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசி உப்பை எடுத்துவிடுங்கள். கையில் அள்ளிப் பிழிந்தால் சொட்டு விழக் கூடாது, விரித்தால் பிடித்த வடிவம் கலையக் கூடாது. அந்த ஈரம்தான் சரி. விதையோடு கலந்து கவரை மூடி, பிரிட்ஜுக்குப் பின்னாலோ அடுப்படி மேல் சிலாபிலோ வையுங்கள். வாரம் ஒருமுறை திறந்து காற்று காட்டுங்கள். பூஞ்சணம் பிடித்த விதையைத் தனியே கழுவி வேறு கவரில் போடுங்கள். வெள்ளை முளை ஓர் அங்குலம் நீளும்போது எடுத்து நடவேண்டும். அதைத் தாண்ட விட்டால் முளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்.

எவ்வளவு நாள் ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். சில விதை இரண்டு மூன்று மாதத்தில் வரும், சில விதை ஒரு வருடம் எடுக்கும். ஒரே குலையில் வந்த விதைகளே இப்படித்தான். ஒரு வருடம் முடியும்வரை எதையும் கொட்டாதீர்கள்.

கவரில் இருக்கும் காலம்

அகலத்தைவிட உயரம் முக்கியம். 12 அங்குல உயரக் கவர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஒரு பங்கு தோட்டத்து மேல்மண், ஒரு பங்கு நார்த்தூள், ஒரு பங்கு மக்கிய தொழுஉரம், ஒரு பங்கு மணல் என்று கலக்கிறேன். ஆற்றுமணல் தேட வேண்டாம், எம்-சாண்டைத் தூள் போக அலசினால் போதும். விதை ஓர் அங்குலம் ஆழத்தில் இருந்தால் சரி.

பாதி நிழல் வேண்டும். பச்சை நிழல்வலை கட்டலாம், இல்லை என்றால் சில்வர் ஓக் மரத்தடியே போதும். கவர்களைச் சுற்றியும் மேலேயும் சின்னக் கண் கம்பிவலை போடுங்கள். அது எலிக்கு. ரசாயன உரம் இந்தப் பருவத்தில் தேவை இல்லை.

மூன்று நான்கு இலை வரும்வரை, அதாவது ஒன்று ஒன்றரை வருடம், கவரிலேயே இருக்கட்டும். நடுகிற வருடத்துச் சித்திரையிலிருந்து நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

நடும் இடமும் நேரமும்

கீழ்ப்பழனி மலைக்கு முக்கிய மழை ஐப்பசி, கார்த்திகையில். புரட்டாசிக் கடைசியில் குழி எடுத்து, முதல் நல்ல மழை இறங்கியதும் நடுங்கள். ஒன்றரை அடிக் குழி போதும். கவரைப் பிளேடால் கீறி எடுங்கள், மண்கட்டி உடையக் கூடாது. கவரில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் வையுங்கள். குருத்து மண்ணுக்குள் புதைந்தால் அழுகும். பனைக்கு வளரும் இடம் ஒன்றுதான், அது செத்தால் மரம் செத்தது. வெட்டினால் பக்கத்தில் துளிர்க்கும் வேலை எல்லாம் கூந்தற்பனையிடம் கிடையாது. சரிவாக இருந்தால் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் சின்ன வரப்பு போட்டு, காய்ந்த சருகை மூடாக்காகப் போடுங்கள்.

எங்கே நடுவது என்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1500 மீட்டர் வரை இந்த மரத்துக்கு நல்ல இடம். அதற்கு மேல் குளிர் ஏற ஏறத் தளர்ந்துவிடும். கொடைக்கானல் டவுனில் பனி உறையும் பள்ளங்களில் இதை வைக்க வேண்டாம். காபிக்கு நடுவில் முப்பது அடிக்கு ஒன்று என்று சிதறலாக வைக்கலாம். நிழல் அடர்த்தியாக விழாது, காபிக்கும் மிளகுக்கும் தொந்தரவு இல்லை. ஆனால் பூத்து முடித்த மரம் பட்டு விழும் என்பதை இன்றே நினைவில் வையுங்கள். வீடு, மின்கம்பி, நடைபாதை இவற்றிலிருந்து மரத்தின் உயரத்துக்குத் தள்ளி வையுங்கள்.

யானை வரும் பகுதி என்றால் இன்னும் கவனம். கூந்தற்பனை யானைக்குப் பிடித்த தீனி. கேரளத்தில் கோயில் யானைகளுக்கு இந்த ஓலையைத்தான் வண்டி வண்டியாக வெட்டிப் போடுகிறார்கள். பாச்சலூர், கே.சி.பட்டி, பெரும்பாறை பக்கம் யானை நடமாட்டம் உள்ள தோட்டங்களில் வேலையாட்கள் குடியிருக்கும் லைனுக்கு அருகில் இதை நடவே நடாதீர்கள். தோட்டத்தின் காட்டு ஓரத்தில், ஆள் புழங்காத இடத்தில் நடுங்கள். மரத்தைக் காப்பாற்றும் ஆசையில் மனிதரை ஆபத்தில் வைக்கக் கூடாது. இது வெளிநாட்டு வேலையில் நான் பிடிவாதமாக நின்ற ஒரு விஷயம், இங்கேயும் விடமாட்டேன்.

காட்டுமாடு நுனியைக் கடிக்கும், முள்ளம்பன்றியும் காட்டுப்பன்றியும் அடியைத் தோண்டும். முதல் மூன்று வருடம் முள் அடைப்போ கம்பிவலைக் கூண்டோ வேண்டும். இரண்டு கோடைக்கு, மாசியிலிருந்து பூ மழை (காபியைப் பூக்கவைக்கும் கோடை மழை) வரும்வரை, வாரம் ஒரு குடம் தண்ணீர். அதற்கு மேல் அது தானே பார்த்துக்கொள்ளும்.

மரம் வளர்ந்த பிறகு பச்சை ஓலையை அழகுக்காகக் கழிக்காதீர்கள். வெட்டுக்காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும், தென்னை வைத்திருப்பவர்களுக்கு அதன் வேலை தெரியும். பழுத்த ஓலையும் தானே காய்ந்து விழட்டும். அதிலிருக்கும் சாம்பல்சத்தை (பொட்டாசியம்) மரம் புது ஓலைக்கு இழுத்துக்கொள்கிறது.

குலை கேட்டு வருபவர்கள்

கல்யாண வாசலில் வாழைமரத்தோடு கூந்தற்பனைக் குலை கட்டுவது நம் பக்கத்து வழக்கம். முகூர்த்த மாதங்களில் குலை கேட்டு ஆள் வருவார்கள். கொடுங்கள். தோட்டக்காரருக்கு வருமானம் இல்லாத மரம் நிலைக்காது என்பதை நான் பார்த்த எல்லா நாட்டிலும் கண்டிருக்கிறேன். இலங்கையில் இதே மரத்தின் கித்துள் கருப்பட்டிக்கு இருக்கும் மதிப்பு, அங்கே வீட்டுக்கு வீடு அதை வைத்திருப்பதற்கு ஒரு பெரிய காரணம். இங்கே அந்த வழி இல்லை, குலையும் ஓலையும்தான். ஆனால் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேலே முதலில் வரும் பாளைகளைக் கொடுத்தாலும், கீழே வருவதில் இரண்டு குலையையாவது மரத்திலேயே பழுக்க விடுங்கள். எல்லாக் குலையையும் பிஞ்சிலேயே விற்றுவிட்டால் அந்த மரம் ஒரு விதைகூட விடாமல் போய்விடும்.

சிற்றீச்சை

காபிக்கு மேலே, காய்ந்த புல்சரிவுகளில் நிற்கும் குட்டை ஈச்சையைப் பலர் பனை என்றே நினைப்பதில்லை. துடைப்பத்துக்கு ஓலை வெட்டுவது இதில்தான். இதைக் காக்க நாற்றங்கால் தேவை இல்லை. அந்தச் சரிவைப் புல்சரிவாகவே விடுவதுதான் முக்கியம். காலியாகக் கிடக்கிறது என்று சில்வர் ஓக்கும் தைலமரமும் நட்டு நிழல் ஏற்றினால் இது ஒடுங்கிவிடும். ஓலை எடுப்பவர்கள் வெளிவட்டத்தில் முற்றியதை மட்டும் எடுத்து, நடுக்குருத்தையும் அதைச் சுற்றிய இளம் ஓலைகளையும் விட்டால் செடி தாங்கும்.

இதன் கன்று ஒற்றை இலையோடு வரும், அசல் புல் போலவே இருக்கும். தடவிப் பார்த்தால் விறைப்பாக, நீளவாட்டில் மடிப்போடு இருக்கும். விதை எடுக்க வேண்டும் என்றால் ஆண், பெண் செடி தனித்தனி என்பதை நினைவில் வையுங்கள். பக்கத்தில் பங்களாத் தோட்டத்தில் கானரி ஈச்சை நின்றால் அங்கே விதை எடுக்க வேண்டாம். ஈச்சை வகைகள் ஒன்றோடொன்று எளிதில் கலந்துவிடும், பிறப்பது எதன் பிள்ளை என்று சொல்ல முடியாது.

கொண்டுவர வேண்டாதவை

பனைப் பித்து பிடித்தவர்களுக்கு அடுத்து வரும் ஆசை எனக்குத் தெரியும். குளிர் தாங்கும் சீனத்து விசிறிப்பனை (Trachycarpus fortunei) கொடைக்கானலில் செழிப்பாக வளரும். அதுதான் பிரச்சினை. சுவிட்சர்லாந்தின் தெற்கே டிச்சினோ பகுதியில் அது வீட்டுத் தோட்டங்களிலிருந்து காட்டுக்குள் பரவி, 2024 செப்டம்பர் முதல் அந்த நாட்டில் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டார்கள். வாட்டில் என்கிற சீகை மரம் நம் புல்வெளிகளை என்ன செய்தது என்று பார்த்தவர்கள் நாம். சோலையை ஒட்டிய நிலத்தில் இதை வைக்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால் பழுக்கும் முன் குலையை வெட்டிவிடுங்கள்.

வரைக்கமுகு என்று ஓர் அருமையான பனை இருக்கிறது. அகத்திய மலையிலும் ஏலமலையிலும் செங்குத்துப் பாறைகளில் நிற்பது. உலகில் அந்தப் பேரினத்தில் இரண்டே வகைதான், மற்றது நிக்கோபாரில். அதை அதன் பாறையிலிருந்து பெயர்த்து நம் தோட்டத்தில் வைப்பது பாதுகாப்பு ஆகாது. பார்க்க ஆசை என்றால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

மெழுகுப்பனை விதையைக் கொலம்பியாவிலிருந்து கொண்டுவந்தாயா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. இல்லை. இறக்குமதி அனுமதியும் நோய் இல்லை என்ற சான்றும் இல்லாமல் விதையைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவது சட்டப்படி தப்பு. கொண்டுவந்து வளர்த்தாலும் அங்கே இருக்கும் மரத்துக்கு ஒரு பயனும் இல்லை. வீட்டு வரவேற்பறைகளில் எல்லாம் நிற்கும் அரிகா பாமின் சொந்தக் காடு மடகாஸ்கரின் கிழக்குக் கரை. உலகம் முழுக்கத் தொட்டியில் நிற்கிறது, அதன் காடோ குறைந்துகொண்டே வருகிறது. மடகாஸ்கரின் 192 வகைப் பனைகளில் 83 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2012 அக்டோபரில், ஐதராபாத்தில் பல்லுயிர் மாநாடு நடந்தபோது அறிவித்தார்கள். அங்கே வேலை பார்த்தபோது குருத்துக்காக வெட்டிச் சாய்த்த மரங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குருத்தைத் தின்றவர்கள் பசியில் இருந்தவர்கள். பனையைக் காப்பது அந்த ஊரில் அந்த மக்களோடு சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. நம் பங்குக்கு இந்த மலை இருக்கிறது.

நோட்டு

நான் வேலை பார்த்த மரம் நடும் திட்டங்களில் அறிக்கையில் கேட்டது எத்தனை கன்று நட்டீர்கள் என்றுதான். மூன்று வருடத்தில் நிதி முடியும், எல்லோரும் கிளம்பிவிடுவோம். கூந்தற்பனை முதல் பூ விடவே பத்துப் பதினைந்து வருடம் வேண்டும். அதனால் நட்டதை எண்ணாதீர்கள். மூன்றாவது கோடை தாண்டி நிற்பதை எண்ணுங்கள்.

சாதாரண நோட்டு போதும். ஒவ்வொரு குச்சிக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு எதிரே தாய்மரம் எது, யார் தோட்டம், விதை எடுத்த தேதி, முளைத்த மாதம், நட்ட தேதி. வருடத்துக்கு ஒருமுறை, தை மாதத்தில், இருக்கிறதா இல்லையா என்று ஒரு டிக். செத்திருந்தால் காரணத்தையும் எழுதுங்கள்: மிஷினா, பன்றியா, வெயிலா. இரண்டு மூன்று வருடத்தில் உங்கள் தோட்டத்தில் எது கன்றைக் கொல்கிறது என்று அந்த நோட்டே காட்டிக்கொடுக்கும். எங்கள் தோட்டத்தில் அது காட்டியது மிஷினைத்தான்.

மற்றவர்களுக்குக் கன்று கொடுக்கும்போது தாய்மரத்தின் விவரத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். விதை எந்த மாதம் கிடைத்தாலும் அன்றே கழுவி, ஊறவைத்துப் போட்டுவிடுங்கள். முளைப்புக்கும் கவருக்கும் சேர்த்து ஏறத்தாழ இரண்டு வருடம் ஆகும். நடும் மழை எந்த வருடத்து ஐப்பசி என்று கணக்குப் போட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.